'தலைவர்' என்று பதிந்த எண்

புதுக் கைபேசிக்கு எண்களை மாற்றித் தருவதற்காக மகள் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தாள். "தலைவர்னு ஒண்ணு இருக்கு, அழிச்சுரட்டுமாம்மா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அப்போது ஓர் அம்மா ஊராட்சித் தலைவராக இருந்தார். நான் அங்கே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். பெண் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்பும் நான்தான் எடுப்பேன். "உங்க நாற்காலியில நீங்கதான் உக்காரோணும்" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். கைதட்டல் பலமாக இருக்கும். வகுப்பு முடிந்ததும், வாசலில் பைக்கோடு காத்திருக்கும் கணவர்களிடம் எண் வாங்கிக்கொள்வேன். அவசரத்துக்கு அவர்கள்தானே உடனே எடுப்பார்கள்! அப்படி வாங்கிய அந்த அம்மாவுடைய கணவரின் எண்ணைத்தான் 'தலைவர்' என்று பதிந்திருந்தேன். வெட்கக்கேடு.

ஒரு மழைக்காலத்தில், நனைந்த முந்தானையோடு அந்த அம்மா தனியாகவே என் அறைக்கு வந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, காலனிக்குப் போற குடிதண்ணிக் குழாய் சாக்கடைக்குள்ள ஒடைஞ்சு கெடக்குதுங்க. நானே பாத்துப்போட்டுத்தான் வாரேன். தண்ணி நாறுதுங்க." வெளியே நோயாளிகள் வரிசை. பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டு, 'தலைவர்' எண்ணை அழைத்தேன். "அதெல்லாம் அன்னைக்கே சரி பண்ணியாச்சுங்க. அவளுக்கு என்னங்க தெரியும்?" என்றார் கணவர். பார்த்துவிட்டு வந்து சொன்னவரை விட்டுவிட்டு, பார்க்காமலே சொன்னவரை நம்பினேன்.

நான்காம் நாள் காலனி முழுக்க வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தை எங்கள் நிலையத்துக் கட்டிலிலேயே போய்விட்டது. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அந்தத் தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. நான் மட்டும் அதே வகுப்பை எடுத்தேன், அதே கைதட்டலை வாங்கினேன், மாலையும் மரியாதையுமாக ஓய்வும் பெற்றேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மகள் எழுந்து போன பிறகு அந்த எண்ணை அழைத்தேன். "அடடே, டாக்டரம்மாங்களா! சொல்லுங்க, என்ன சமாச்சாரம்?" அதே கணீர்க் குரல். "போனை அவங்ககிட்டக் குடுங்க, அவங்ககிட்டத்தான் பேசோணும்" என்றேன். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. சற்றுப் பொறுத்து அந்த அம்மா போனுக்கு வந்தார். குழாய், குழந்தை, என் தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"இருக்கட்டுங்க டாக்டரம்மா. எனக்கு என்னங்க தெரியும்? எதுவா இருந்தாலும் அவருகிட்டயே சொல்லிப்போடுங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது.