ஏழுதட்டு இசக்கிமுத்து

விக்கிரமசிங்கபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "ரைட்டரே, நம்ம இசக்கிமுத்து போயிட்டாரு வே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். காலமெல்லாம் பாறையில் துளை போட்ட மனிதர். அந்தத் தூசிதான் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலைமேல் கல்குவாரி வேலைக்கு வந்தவர்கள் குடிசை போட்டு, பிள்ளை பெற்று, அதுவே ஊரானது. மலையை மேலிருந்து படிப்படியாக வெட்டி இறங்குவோம். ஒரு படி என்பது ஒரு தட்டு. எங்களுக்கு வருடக் கணக்கும் அதுதான். "நாலாம் தட்டுல எனக்குக் கல்யாணம்" என்பார் இசக்கிமுத்து. கேட்பவர் ஏதோ மண்டபம் என்று நினைத்துக்கொள்வார்.

குவாரி மூடியதும், நாங்கள் தற்காலிகமாகத் தங்கியவர்கள், காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. பல வருடமாக இங்கேயே வாழ்கிறோம், பட்டா வேண்டும் என்று மனு போட்டோம். குவாரி ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவன் என்பதால் அதை நான்தான் எழுதினேன். தட்டு என்று எழுதினால் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டு, பெரியவர்களுக்கெல்லாம் பிறந்த வருடத்தையும் இங்கே வந்த வருடத்தையும் குத்துமதிப்பாகப் போட்டேன். அதில் ஓர் அம்மாவைவிட அவர் மகன் மூத்தவனாகிவிட்டான். மனு திரும்பி வந்தது.

"உம்ம படிப்பு நம்மள வீட்டவிட்டுக் கெளப்பப் பாக்குது வே" என்று மட்டும் சொன்னார் இசக்கிமுத்து. அதற்கு நாலு வசவு வாங்கியிருக்கலாம்.

மறுபடி போட்ட மனுவை விசாரிக்க வந்த பெண் அதிகாரியை அவர் குவாரிக்குள்ளேயே கூட்டிப்போனார். மூச்சு வாங்க, நின்று நின்று, "இங்கன வெட்டும்போது என் மூத்தவ பொறந்தா. இந்தத் தட்டுல மாடசாமிக்குக் கை போச்சு. பைய வாங்கம்மா, வழுக்கும்" என்று ஏழு தட்டும் இறங்கினார். ஒவ்வொரு தட்டையும் வெட்டக் கொடுத்த அனுமதிக் காகிதங்களை அந்த அம்மா தேடி எடுத்தார். தேதிகள் எங்கள் பிள்ளைகளின் அடிவாரத்துப் பள்ளிச் சான்றிதழில் இருந்த பிறந்த தேதிகளோடு அப்படியே ஒத்துப்போயின. பட்டா கிடைத்தது. பதிவேட்டில் ஏழுதட்டு என்று ஊரும் ஏறியது.

எங்கள் ஊர் பேசும் பேச்சைச் சொல்ல வெட்கப்படாத துணிச்சலைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் கேட்டு அடுத்த மனு போயிருக்கிறது. அதில் அவரவர் சொன்னதை அவரவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

நேற்று அவருடைய இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனேன். இதுவரை எங்களில் யார் போனாலும் அடிவாரத்து ஊரின் பெயரில்தான் எழுதுவார்கள். இதில் 'ஏழுதட்டு' என்று அச்சாகியிருந்தது. சொந்த ஊரில் கண்ணை மூடியவர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட எங்கள் முதல் ஆள் அவர்தான்.