தண்ணி முறை

சீனப் பெருநாள் முடிந்து வெயில் காய்ச்சி எடுக்கும் நாட்களில், லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்துக் குன்றில், ரப்பர் மரம் நடாத ஒரு சரிவில் மட்டும் புல் பச்சையாக முழங்கால் உயரத்துக்கு நிற்கும். செருப்பில்லாமல் அதற்குள் இறங்கினால் விரலிடுக்கில் தண்ணீர் சில்லென்று ஏறும்.

மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்க, வெள்ளைக்காரன் காலத்தில் குன்றைச் சுற்றி வெட்டிய வாய்க்கால் ஒன்று அங்கே இருந்தது. "பாரிட்" என்போம். அதன் தலைப்பில் வற்றாத ஊற்று இருந்ததால், மாடு வளர்த்தவர்கள் தண்ணீரைச் சரிவில் திருப்பிப் புல் வளர்த்தார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது மாடு இருந்தது இரண்டே வீட்டில்: எங்கள் வீடு, தோட்டத்து வரிசை வீடான "லயத்தில்" அடுத்த கதவான பாக்கியம் அத்தை வீடு. பாரிட் பாதிச் சரிவில் இரண்டாகப் பிரியும். ஒரு நாள் எங்கள் பக்கம், மறுநாள் அவர்கள் பக்கம். புல்லோடு பெயர்த்த மண்கட்டியால் ஒன்றை அடைத்து மற்றதைத் திறப்பார்கள். அதற்குப் பெயர் "முறை".

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அப்பா ரப்பர்ப் பால் வெட்டப் போனபின் எனக்குப் பசியாறக் கொடுத்து, சடை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, ராத்திரி "மங்குக்" கிண்ணத்தில் சோறு போட்டுத் தந்தது அத்தைதான். அவர் எங்களுக்குச் சொந்தம் கிடையாது. உனக்கு அத்தை முறை வேணும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார், அவ்வளவுதான். நானோ இரண்டு முறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அவர் எனக்கு அத்தை என்று நம்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. இவ்வளவு தெளிவான விஷயத்தை யாராவது கேட்பார்களா?

எனக்கு எட்டு வயதானபோது அத்தையின் கணவருக்குப் பொந்தியானில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. மாட்டை விற்றார்கள், லோரியில் சாமான் ஏற்றினார்கள், போய்விட்டார்கள். அன்று மாலை குன்றுக்குப் போய்விட்டு வந்த அப்பா, "இனிமே அவங்களுக்கும் நமக்கும் முறை இல்ல. தண்ணி முழுக்க நமக்குத்தான்" என்றார். பின்பாதி என் காதில் விழவே இல்லை.

அதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், பள்ளி விட்டதும் தனியாகக் குன்றில் ஏறி, எங்கள் பக்கத்தை அடைத்து அத்தை பக்கத்தைத் திறந்துவிட்டேன். அங்கே மேய மாடு இல்லை, அறுக்க ஆளில்லை. புல் என் இடுப்புக்கு வளர்ந்தது. அதன் நடுவில் உட்கார்ந்து தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இது ஓடுகிறவரை அத்தை எனக்கு அத்தைதான் என்று இருக்கும். ஆனாலும் வீட்டுக்குத் திரும்பினால் அடுத்த கதவில் பூட்டுத்தான் தொங்கியது.

ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். மண்வெட்டியோடு வந்தவர், சேற்றுக் கையோடு நின்ற என்னிடம் என்ன வேலை இது என்று கேட்டார்.

"முறை விட்டுப்போயிடும்ல, அப்பா" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. திட்டுவார் என்று நினைத்தேன். குந்தி உட்கார்ந்து அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடைக்காத. ஓடட்டும் லா."

அதன் பிறகு, நான் மறந்த நாட்களில் அவரே திறந்துவிட்டார். எங்கள் மாட்டுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அதிலிருந்து எந்தப் பக்கம் பச்சையோ அங்கே அவிழ்த்துவிட்டோம், மேய்ந்தது. முதல் தீபாவளிக்கு அத்தை வந்தார். அப்புறம் வரவில்லை.

இப்போது அந்தக் குன்று முழுக்கச் செம்பனை. கெலாங் பாத்தாவில் குடியிருக்கும் நான் போன வருஷம் காரில் போய்ப் பார்த்தேன். லயம் இல்லை, ஊற்றும் தூர்ந்துவிட்டது. மரங்களுக்கடியில் தேடித் தேடி, பாரிட் பிரிந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்து இரண்டு தடம் இறங்கியது. எங்கள் தடத்தைவிட அத்தை பக்கத்துத் தடம் ஆழமாக இருந்தது. நான் இடைநிலைப் பள்ளி விடுதிக்குப் போனபின்பும் அப்பா எத்தனை காலம் திறந்துவிட்டாரோ, கேட்க அவரும் இல்லை.

சென்ற மாதம், கைபேசியில் தோட்டத்து ஆட்களின் புலனக் குழுவில் அத்தை இறந்த செய்தி வந்தது. பொந்தியானுக்குப் போனேன். முறை உள்ள பெண்கள் எண்ணெய் வைக்க வரலாம் என்று கூப்பிட்டார்கள். நானும் எழுந்து வரிசையில் நின்றேன். எண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை.

"நீங்க என்ன முறை வேணும்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

குன்றிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"பக்கத்து வீடுங்க, தோட்டத்துல இருந்தப்ப" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையாட்டி, வரிசைக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.