மூன்றாவது பொட்டலம்

1991-ல் என் தங்கையின் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. ஈறில் கசிவு, தொட்ட இடமெல்லாம் நீலம். டாக்டர் என் ரத்தத்தையும் அண்ணன் ரத்தத்தையும் சோதித்தார். என்னுடையது ஒத்துவரவில்லை, அண்ணனுடையது அப்படியே பொருந்தியது. அவன் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துத் தங்கைக்கு ஏற்றினால், அதிலுள்ள ஸ்டெம் செல்கள் அவள் எலும்புக்குள் குடியேறிப் புது ரத்தம் உண்டாக்குமாம். கொடுத்தவனுக்குச் சில வாரங்களில் மறுபடி ஊறிவிடுமாம். ஸ்டெம் செல் என்ற பேரையே அன்றுதான் கேட்டேன்.

அண்ணன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். லைனில் நிற்பவர்களை வாடா போடா என்று விரட்டுகிற வீரன். டாக்டர் முன்னால் தலையை ஆட்டிவிட்டு, ஊர் திரும்பும் பஸ் படப்பையைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"முதுகுத்தண்டுல கை வெச்சா ஆம்பளைக்கு அவ்ளோதான்டா."

"இடுப்புன்னுதான சொன்னாரு?"

"ரெண்டும் ஒண்ணுதான். முருகன் கைல பூ கட்டிப் பாத்துடலாம்."

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ வந்தால் கொடுப்பது, சிவப்பு வந்தால் கூடாது. பூக்காரம்மா இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துத் தந்தாள். சந்நிதியில் வைத்து அவனே ஒன்றை எடுத்தான். வெள்ளை. பொட்டலம் சரியாக மடிக்கவில்லையாம். மறுபடி எடுத்தான். வெள்ளை. ராகு காலமாம், செல்லாதாம். ராகு காலம் முடிந்ததும் மூன்றாவது தடவையாகப் போய் நின்றபோது பூக்காரம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"மொத தபா வந்ததுதாம்பா கணக்கு."

இந்தத் தடவை சிவப்பு. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாத்தியா, சாமியே வாணான்றாரு" என்றான். சாமியையே பொய்ச்சாட்சிக்கு இழுக்கிற கோழையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்றோடு அவனிடம் பேசுவதை விட்டேன்.

வார்டில் தங்கை கேட்டாள். "அண்ணன் ஒத்துகினாரா?"

"லீவு சொல்லிகீறாரு. அடுத்த வாரம் வந்துடுவாரு."

"பாவம், அவருக்கு வலிக்குமா?"

வருகிற நர்ஸிடமெல்லாம் அண்ணனைப் பற்றிப் பெருமை பேசினாள். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

அவனைக் காறித் துப்பத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவள் உயிரோடிருந்த அத்தனை நாளும், அவன் காலில் விழுந்தாவது, கழுத்தைப் பிடித்தாவது நான் இழுத்து வந்திருக்கலாம். நான் அவனோடு பேசாமல் இருந்து என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.