துவக்குக்கு ஒரு கையொப்பம்

என் தங்கை வீட்டுக்குக் கள்ளர் வந்தது பகல் பதினொரு மணிக்கு. தங்கை கல்லூரிச் சமையலறையில் வேலையில் இருந்தாள். அவளுடைய மகள் பள்ளியில். தங்கையின் கணவர் பார ஊர்தியுடன் ரொறன்ரோ நெடுஞ்சாலையில். நகரத்தின் மேற்கு முனையான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் அவர்களுடைய தெரு வேலை நாட்களில் வெறிச்சோடித்தான் கிடக்கும். பின்கதவுக் கண்ணாடியை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். ஒரு மடிக்கணினி, கொஞ்ச நகை, சாமிப்படத்துக்கு முன்னால் இருந்த வெள்ளிக் குத்துவிளக்கு. பொலிஸார் வந்து முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள், நான் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸுமாக ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து அங்கே போனேன். தங்கையின் கணவர், என் மச்சான், பலகை அடித்த பின்கதவுக்கு முன்னால் சுத்தியலோடு நின்றார்.

"மச்சான், நான் ஒரு துவக்கு எடுக்கப் போறன்," என்றார்.

துப்பாக்கியா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"களவெடுத்தவன் திரும்பி ஏன் வாறான்? மிச்சமிருக்கிறது உம்மட பழைய ரிவிதானே."

"வந்தவன் வீட்டைப் பார்த்திட்டான். எந்த அறை எங்க எண்டு அவனுக்குத் தெரியும். இனி எப்பவும் வரலாம்."

அதன்பிறகு அந்த மனிதர் ஓரிடத்தில் இருந்து நான் காணவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்து யன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். பொதி கொண்டுவருபவன் வாசலில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வாகனத்தில் ஏறும்வரை யன்னலுக்கு யன்னல் அவனோடு கூடவே நடப்பார். படியில் உறையும் பனிக்கட்டியை உடைக்க வைத்திருந்த கனத்த இரும்பு அலவாங்கு வாகனத் தரிப்பறையிலிருந்து பின்கதவு மூலைக்கு இடம் மாறியது. இது தொற்றும் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. மூன்றாம் மாடியிலுள்ள என் கதவைப் பூட்டிவிட்டு, மின்தூக்கி வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் நகரம் இருக்கும் தீவுக்கு வெளியே உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உரிமம் கிடைக்கும்வரை எதையும் வாங்க முடியாது, பார்க்கலாம். தூண்டில்களுக்கும் செம்மஞ்சள் வேட்டை அங்கிகளுக்கும் பின்னால் நீண்ட கண்ணாடி மேசை. நரைத்த தாடிக்காரர் ஒருவர் பிரெஞ்சில் பொன்ஜூர் சொல்லி, எங்கள் முகங்களைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். மச்சான் முதலில் கேட்டது கைத்துப்பாக்கி. அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள் என்றார் கடைக்காரர். எதற்காகத் துப்பாக்கி என்று கேட்டார்.

"வீட்டுக் காவலுக்கு."

தாடிக்காரர் இரண்டு கைகளையும் மேசையில் வைத்தார். இந்த நாட்டில் அதைக் காரணமாகச் சொன்னால் உரிமம் தரமாட்டார்கள், வேட்டைக்கு அல்லது இலக்குச் சுடுவதற்குத்தான் என்றார்.

மச்சான் இரண்டு வினாடி யோசித்தார். பிறகு தமிழில் என்னிடம், "தாரா, வாத்து சுடப் போறனெண்டு சொல்லும்."

"நீர் வெள்ளிக்கிழமையில முட்டைகூடத் தின்னாத ஆள்."

"சனிக்கிழமை சுடுறன்."

கடைக்காரர் ஒரு பன்னிரண்டு கேஜ் சொட்கன்னை எடுத்து, வெறுமையாக இருப்பதைத் திறந்து காட்டி, கொடுத்தார். மச்சான் அதை வாங்கிய விதத்தைக் கவனித்தேன். குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். அப்படி வாங்குகிறவர் முன்பு ஒருபோதும் துவக்குத் தொட்டவர் அல்ல.

பிறகு தோட்டாக்கள். பறவைகளுக்கானதில் கடுகைப் போன்ற சன்னங்கள். மானுக்கானதில் கடலை அளவு உருண்டைகள். மூன்றாவதில் ஒரே ஈயக்குண்டு. எது நல்லது என்று மச்சான் கேட்டபோது, வீட்டின் உட்சுவர்கள் எதனால் ஆனவை என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். எல்லோருடைய வீட்டையும்போல ஜிப்சம் பலகைதான். அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

"மகள்."

மூன்று பெட்டிகளையும் காட்டிவிட்டு, இவற்றில் எதையும் அந்தச் சுவர் நிறுத்தாது என்றார் அவர். துப்பாக்கியை வெறுமையாக்கிப் பூட்டிவைக்க வேண்டும், தோட்டாக்களை வேறாகப் பூட்டிவைக்க வேண்டும், அது சட்டம் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது நான் விடவில்லை. "கள்ளன் வந்தா, 'கொஞ்சம் இரும் தம்பி, திறப்புத் தேடுறன்' எண்டு சொல்லுவீரோ?"

"நீர் பகிடி விடும். உம்மட வீட்டுக்கு ஆர் வந்தது?"



அவர் ஒரு வார இறுதியில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்த் தேர்வில் சித்தியடைந்தார். விண்ணப்பத்தை நிரப்ப என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன் என்பதால் எங்கள் குடும்பத்தில் எல்லாப் படிவங்களும் என்னிடம்தான் வரும். அவரை நீண்ட காலமாகத் தெரிந்த இருவர் அதில் கையொப்பமிட வேண்டும். ஒருவன் நான். மனைவிக்கும் ஓர் இடம் இருந்தது. தங்கை சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து, "இதிலயோ?" என்று கேட்டு, வாசிக்காமல் கையொப்பமிட்டாள். வாசி என்று நானும் சொல்லவில்லை.

குளிர்காலம் முடிகிற நேரம் மச்சான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் உயர்ந்திருந்தது.

"உம்மட தங்கச்சி என்ன செய்து வைச்சிருக்கிறா தெரியுமோ?"

உரிமம் தரும் அலுவலகத்திலிருந்து ஒருவர் தங்கையின் மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். கணவரிடம் துப்பாக்கி இருப்பது பற்றி உங்களுக்கு ஒரு பயமும் இல்லைத்தானே என்பது அவருடைய கேள்வி. தங்கை சொன்ன பதில், "யெஸ்." விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது, மனைவி அச்சம் தெரிவித்திருக்கிறார் என்று மச்சானுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கட சனத்தின்ர வருத்தம் இது, மச்சான். 'இல்லைத்தானே' எண்டு கேட்டா 'ஓம்' எண்டுவம், 'ஓம், இல்லை' எண்ட கருத்தில. அவனுக்கு எங்க விளங்கப் போகுது? நீர் ஒருக்கா அவனுக்குப் போன் கோல் எடுத்துச் சொல்லிவிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கே அது நடந்திருக்கிறது. ஒவ்வாத மருந்து எதுவும் இல்லையே என்று மருத்துவமனையில் ஒரு தாதி கேட்டபோது ஆம் என்று சொல்லி, இரண்டு நாள் கையில் ஒவ்வாமைக்காரருக்குக் கட்டும் சிவப்புப் பட்டியோடு கிடந்தேன். திருத்திவிடுகிறேன் என்று மச்சானிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால் சொன்ன ஆளிடம் கேட்காமல் ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பழக்கமில்லை.

அந்தச் சனிக்கிழமை தங்கையும் நானும் ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். மச்சான் எங்களை இறக்கிவிட்டு வாகனம் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். குளிருக்காகச் சுவரடைத்த சந்தைக்குள் நல்ல கூட்டம். அவள் கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அவன் என்ன கேட்டவன்? அப்பிடியே சொல்லு."

அவள் ஆங்கில வாக்கியத்தை அப்படியே சொன்னாள். மச்சான் சொன்னதும் அதுதான்.

"நீ பயமில்லையெண்டுதானே சொல்ல வந்தனீ?"

"ஓம்," என்றாள், கத்தரிக்காயைப் பார்த்தபடி.

அந்த ஓமை என்னாலும் வாசிக்க முடியவில்லை. கேள்வியில்தான் பிழை. நானும் அந்த அதிகாரியைப்போல, வேண்டிய பதிலை உள்ளே வைத்துக் கேட்டிருக்கிறேன். இல்லையையும் தானேயையும் வெட்டிவிட்டுத் திரும்பக் கேட்டேன்.

"உனக்குப் பயமோ?"

அவள் கையிலிருந்ததைக் குவியலில் வைத்தாள்.

"ஓம் அண்ணை. பயம்."

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னாள். விண்ணப்பம் போய் ஒரு மாதத்துக்குப் பிறகு நடந்தது. பனிப்புயலுக்காகக் கல்லூரியை இடையில் மூடிவிட்டார்கள். அவளுடைய கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. முன்வாசலைப் பனி மூடியிருந்ததால் பின்னால் சுற்றிப் போய்த் திறப்பைப் போட்டிருக்கிறாள். மச்சானுக்கு அன்று ஓய்வு நாள். அவள் ஆறு மணிக்குத்தான் வருவாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார்.

"கதவைத் திறந்து தலையை உள்ள விட்டன். அலவாங்கு என்ர தலைக்கு மேல நிக்குது. கத்தினன். நிப்பாட்டிப் போட்டார்."

"எவ்வளவு கிட்ட?"

"ஒரு சாண் இருக்கும். கிட்ட எண்டதில்லை விசயம் அண்ணை, இவரின்ர முகத்தில என்னைத் தெரிஞ்ச மாதிரியே இல்லை. அலவாங்கெண்டபடியா இடையில நிப்பாட்ட ஏலுமா இருந்தது. மற்றதெண்டா?"

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்களும் கையெழுத்து வைச்சனீங்கள்தானே. இவர் கூடாத மனிசனெண்டு நான் சொல்லேல்ல. ஒருநாளும் கை நீட்டினதில்லை. இப்ப என்ர வீட்டுக்குள்ள போகேக்க 'நான்தான், நான்தான்' எண்டு கத்திக்கொண்டு போறன். பக்கத்து வீட்டு மனிசி ஒருநாள் சுகமில்லையோ எண்டு கேட்டவ."

மச்சான் வாசலில் தெரிந்தார். தங்கை இரண்டு கத்தரிக்காயைப் பையில் போட்டாள். இரண்டும் பூச்சி விழுந்தவை. 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரிடம் சொல்லலாம் என்று தங்கையே அனுமதி தந்திருந்தாள். மறுமுனையில் மரத்தளத்தில் அவர் நடக்கும் சத்தம் கேட்டது.

"கோல் எடுத்தனீரோ?"

"இல்லை. அங்க திருத்த ஒண்டுமில்லை. அவள் கேள்வியை விளங்கித்தான் சொல்லியிருக்கிறாள்."

நடை நிற்கவில்லை. "விளங்கியோ? விளங்கினா ஏன் அப்பிடிச் சொல்லுறாள்?"

"அலவாங்குக் கதையைச் சொன்னவள்."

நடை நின்றது.  

"எவ்வளவு கிட்ட எண்டு சொன்னவளோ?"

"ஒரு சாண் எண்டாள்."

"சாணில்லை, மச்சான்," என்றார். "அதைவிடக் குறைய."

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை நான்தான் எழுதினேன். இரண்டு வரி. அடுத்த கிழமை அவர் கையொப்பமிட வந்தார். வரும்போது அலவாங்கையும் மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்து, என் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் போனார். எனக்கு உடைக்கப் பனிக்கட்டி இல்லை. அது அங்கேயே நிற்கிறது. யாராவது கதவைத் தட்டினால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.