ஒரு துறவிக்கு இரண்டு ஆயர்கள்

என் மகள் ஓர் ஐரிஷ்காரரைக் கட்டப்போவதாகச் சொன்னபோது எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், மாப்பிள்ளை கத்தோலிக்கர் என்பது. சுவிற்சர்லாந்தின் லோசானில் எங்கள் பங்குச் சுவாமியார் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டார். எடுத்துத் தருவது என் பொறுப்பு என்று நானே அறிவித்தேன். வதிவிட அனுமதி முதல் கல்லறை இடம் வரை இந்த நாட்டில் எதை யாரிடம் கேட்பது என்று தெரிந்தவனுக்கு அயர்லாந்து எம்மாத்திரம்?

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கனுக்கு ஆயர் இருக்குமிடம் பெரிய கோயில். ஆகவே மாப்பிள்ளையின் ஊரிலும் இருப்பதில் பழையதும் உயரமானதுமான கோயிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். பணிவான ஒரு பெண்மணி பதிவுகளைப் பார்த்துவிட்டு அப்படியொருவர் இல்லை என்றார். அன்று மாலையே மாப்பிள்ளையின் தாயாரை அழைத்து, உங்கள் மகனுக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை, பெரியவர்களுக்கும் கொடுக்கும் முறை உண்டு என்று விளக்கினேன். எங்கே விசாரித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுநாள் மகள் வந்தாள்.

"அப்பா, அது புரட்டஸ்தாந்துக் கோயில். முந்திக் கத்தோலிக்கரிட்டை இருந்து பறிச்சதாம். மாமி கலியாணத்துக்கு வரமாட்டாவாம்."

"அப்ப ஆயர்?"

"ரெண்டு பேர் இருக்கினம்."

அதன் பிறகுதான் அந்த ஊரின் வரலாற்றைப் படித்தேன். ஒரு துறவி மடம் கட்டினார், அது ஆயர்பீடமானது. அரசர் புரட்டஸ்தாந்துச் சபைக்கு மாற, கல்லும் காணியும் மணியும் புதிய சபைக்குப் போயின. பழைய சபைக்குப் பட்டம் மட்டும் மிஞ்சியது. நெடுங்காலம் தொழுவங்களில் பூசை வைத்து, பிறகு மேட்டில் தங்களுக்கென்று ஒரு கோயில் எழுப்பினார்கள். இன்றும் இரு ஆயர்களும் அதே துறவியிலிருந்துதான் தங்கள் வரிசையை எண்ணுகிறார்கள். பூசை நேரத்தில் உட்கார ஆளில்லாத காலி வாங்குகள் விடயத்தில் மட்டும் இரு சபைகளும் ஒன்றுபட்டுவிட்டன.

இதை மனைவிக்கு விளக்கினேன்.

"இவ்வளவு காலம் லோசானிலை இருக்கிறியள். இஞ்சத்தைப் பெரிய கோயில் ஆரின்ரையப்பா?" என்றாள்.

புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தச் சபையினுடையது; அதுவும் எங்களிடமிருந்து பறித்ததுதான். ஞாயிறுதோறும் அதைக் கடந்துதான் எங்கள் சின்னக் கோயிலுக்குப் போகிறேன். அன்றைய கத்தோலிக்க ஆயர் வேறு நகரத்துக்கு ஓடினார்; அவர் வழிவந்த ஆயர் இன்னமும் லோசானின் பெயரோடு அங்கேயே இருக்கிறார்.

மாப்பிள்ளையின் தாயாரை மறுபடி அழைத்து இதைச் சொன்னேன். அவர், உங்கள் ஆயர் திரும்பி வரவே இல்லையா என்று கேட்டார். இல்லை, பெயரை மட்டும் விடவில்லை என்றேன். அப்படியென்றால் வருகிறேன் என்றார்.

மேட்டுக் கோயிலிலிருந்து சான்றிதழ் வந்தது, அவரும் வந்தார். கலியாணத்தன்று படப்பிடிப்பாளர் எங்களை லோசானின் பெரிய கோயிலின் முன்னால் நிறுத்தினார். பறித்த வீட்டை எங்கள் படத்துக்குள் வைக்க வேண்டாம் என்று சம்பந்தியம்மா மறுத்துவிட்டார். ஞாயிறுகளில் அதே கோயிலுக்குப் போகும் படப்பிடிப்பாளர் கமராவைத் திருப்பினார். எங்கள் குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் பின்னால் நிற்பது பேருந்துத் தரிப்பிடம்.