பொட்டு வைக்க இடமில்லாத வண்டி

எங்கள் வீட்டில் நின்ற முதல் பெரிய வண்டி வெள்ளைக் கார். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு வாக்கில், மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளிநாடு போகிறார் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரர் குமுளி ஏறிப்போய் அதை ஓட்டிவந்தார். பெரிய கம்பெனி வண்டி. பேரை எழுத வேண்டாம். மில் முதலாளிகளும் மந்திரிகளும் ஏறுகிற வண்டி என்று தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அவருக்குத் தொழில் கல்யாண வண்டி ஓட்டுவது. அதுவரை சாதாரண வண்டிதான் வைத்திருந்தார். வெள்ளைக் கார் வந்தபிறகு அவரைக் கேட்டுவிட்டுத்தான் சில வீடுகளில் முகூர்த்தத் தேதியே குறித்தார்கள். சின்னமனூர், உத்தமபாளையம், தேவாரம் என்று எத்தனையோ பெண்களை அந்த வண்டியில் ஏற்றி மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறார். நிக்காஹ் வீடுகளுக்கும் போவார். பெண் இறங்கும்போது டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கமாட்டார். இறங்கி, சுற்றி வந்து, அவரேதான் பின்கதவைத் திறப்பார். அது அவர் வைத்திருந்த வழக்கம்.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வண்டியின் எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதன் முகம் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். இரண்டு விளக்கும் நேராகப் பார்க்கும். நடுவில் கம்பிப் பட்டை, அதற்கு மேலே மழுமழுவென்று நல்ல நெற்றி. பொட்டு வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் குளித்துவிட்டு வந்த சுமங்கலி மாதிரி இருக்கும்.

ஒன்பது பத்து வருசத்தில் அதற்கு வயசாகிவிட்டது. மேடு ஏறினால் இரைத்தது. மாற்றிப்போடச் சாமான் கிடைக்கவில்லை. சின்னமனூரில் ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு கோயம்புத்தூர் போய் அதே கம்பெனியின் அடுத்த வண்டியை, ஒருவர் ஓட்டிக் கழித்ததை, வாங்கிவந்தார். சாம்பல் நிறம்.

வாசலில் வந்து நின்றபோது அதன் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். விளக்கு இரண்டும் நேராகப் பார்க்காமல் ஓரமாக மேலே ஏறிப் போயிருந்தன. அதற்கு மேல் புருவத்தைத் தூக்கின மாதிரி ஒரு மடிப்பு. கீழே பாதி முகத்துக்கு வாய். பல்லு பல்லாகக் கம்பி. ஆசையாக வாங்கிவந்த மனுசனிடம் என்ன சொல்வது. அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பேரு அதே பேருதான. சனங்க பேரைத்தான் பாக்குறாக, மூஞ்சியவா பாக்குறாக?”

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைக் கூப்பிட்டு முன்சீட்டில் உட்காரவைத்தார். அப்போது அவள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. வண்டியின் தலையில் கையை வைத்துக்கொண்டு, “ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் ஏத்திக் கொண்டுபோய் விட்டாச்சு. எம்பிள்ளைய இதுல ஏத்திக் கொண்டுபோய் விடணும். அன்னைக்குக் கதவைத் தொறக்குறப்பதான் இருக்கு எனக்குச் சந்தோசம்” என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வண்டிக்குச் செய்ததெல்லாம் அந்த ஒரு நாளை நினைத்துத்தான்.

மறுநாள் பூசை போட வீரபாண்டி கௌமாரி கோவிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி தட்டோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். சந்தனத்தைக் குழைத்த விரல் அங்கும் இங்கும் போனது. வாய்க்கு மேலே நடுவில் கத்தி மாதிரி ஒரு மடிப்பு இறங்கியிருந்தது. அதில் வைத்தார், சந்தனம் இரண்டு பக்கமும் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், மறுபடியும் வழிந்தது.

“என்னத்தா இது, இதுக்கு நெத்தியே இல்லையே. எங்கன வைக்க?” என்றார் என்னிடம்.

கடைசியில் முன்கண்ணாடியில் வைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஊர் தாண்டுவதற்குள் தூறல். அவர் யோசிக்காமல் கண்ணாடி துடைக்கிற கம்பியைப் போட, குங்குமம் கரைந்து செவசெவவென்று கண்ணாடி முழுக்க இழுத்துக்கொண்டு போனது. தண்ணிதான, என்றார். கௌமாரி ஆத்தாளை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கார் ஸ்டாண்டில் அன்றைக்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி, பார்த்தால் திரும்பிப் பார்க்கவைக்கிறதே, அதுதானே பெரிய வண்டிக்கு அழகு என்றது. இன்னொரு கட்சி, நல்ல பேரை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டுவிட்டான் கம்பெனிக்காரன் என்றது. இரண்டு நாளில் அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள். புது வீட்டு முன்னால் கண்ணேறு கழிக்க, கண்ணும் பல்லும் எழுதிப் பூசணிக்காய் கட்டுவோமே, அதுதான். பூசணிக்கா வண்டி.

“ஏப்பா, பூசணிக்காயக் கட்டிட்டு வந்துட்டியா? எந்த வீட்டுக்கு இன்னைக்கு?” என்று கேட்பார்களாம். அவரும் சிரித்துக்கொண்டு, ஒங்க வீட்டுக்குத்தான், ஒங்க வீட்டுலதான் கண்ணு பட ஆளு இருக்காக என்பாராம். இப்படிச் சிரித்துச் சொல்லிவிட்டு வந்து சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வண்டியை மெய்யாகவே ரசித்தது போடிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் மகன். பெங்களூரில் படித்துவிட்டு வந்த பிள்ளை. வழியில் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறான். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே இப்படிச் செய்தான் என்றும், பழைய முகமே இருந்தால் கிழவர்கள் மட்டும்தான் வாங்குவார்கள் என்றும், நாலு பேர் திட்டினால்தான் வேறு நாலு பேர் அதன்மேல் உயிராய் இருப்பார்கள் என்றும் நடுரோட்டில் நின்று விளக்கம் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து இவர் ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னார். அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் வந்தது. நமக்குத்தான் சொல்வான் என்று வண்டியைக் கழுவி வைத்துக் காத்திருந்தார். அவன் மதுரையிலிருந்து வேறொரு கம்பெனி வண்டியை வரவழைத்துக்கொண்டான். பார்க்காமல் பதுங்குகிற பிள்ளை இல்லை, நேரிலேயே வந்து சொன்னான்.

“எனக்குப் புடிக்கும்ணே, இப்பவும் புடிக்கும். எங்க அம்மா ஒத்துக்கிற மாட்டேங்குறாக.”

அதுதான் எல்லா வீட்டிலும் நடந்தது. ஆம்பிளைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் என்று வந்தால் வீட்டுப் பொம்பளைகள் ஒரு தரம் வாசலில் வந்து பார்த்தார்கள், உள்ளே போய்விட்டார்கள். பூ அலங்காரம் செய்கிறவரும் முணுமுணுத்தார். எங்கே மாலையைக் கட்டினாலும் வாயில் கவ்விக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

அவருக்கு, வண்டிக்குக் கண்ணேறு விழுந்துவிட்டது என்ற நினைப்பு வந்தது. எல்லோரும் நின்று பார்க்கிறார்களே, அவ்வளவு கண்ணும் எங்கே போகும் என்றார். கருப்புக் கயிறு திரித்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து, நடுவில் ஒரு சங்கும் வைத்து, வண்டியின் வாயில் கட்டினார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் செய்கிறதுதானே. ஆனால் கட்டி முடித்து இரண்டு பேரும் தள்ளி வந்து பார்த்தபோது, அது முழுசாகப் பூசணிக்காய் ஆகிவிட்டிருந்தது. அவரும் பார்த்தார். கட்டினதை அவிழ்த்தால் இன்னும் கெடுதல் என்று விட்டுவிட்டார். அதோடுதான் ஸ்டாண்டுக்குப் போனார். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அதைத்தான் அவர் தாங்கமுடியாமல் வந்து சொன்னார்.

அரசியல் கட்சிக்காரர்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கடைத் திறப்புக்குக் கூப்பிட்டார்கள். கல்யாணம் ஒன்றும் வரவில்லை.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வேறு வேலை என்ன, பாத்திரம் விளக்கும்போது யோசிப்பேன். பயமுறுத்துகிற முகம் நமக்குப் புதுசு இல்லை. ஊர் எல்லையில் நிற்கிற காவல்சாமி கருப்புக்கு உருட்டின முழியும் துருத்தின பல்லும்தான். பார்த்தால் நடுங்கும். கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவோம். அவர் அங்கே நிற்கிறதால்தான் நாம் இங்கே தூங்குகிறோம். ஆனால் அவரை எல்லையில் வைத்துத்தான் கும்பிடுவோம். கல்யாணப் பெண்ணை அவர் மடியில் உட்காரவைத்து அழைத்துவரமாட்டோம். கம்பெனிக்காரனுக்கு முகம் செய்யத் தெரியாமல் இல்லை. வீட்டுக்குள் வருகிற வண்டிக்கு எல்லைச்சாமி முகத்தை வைத்துவிட்டான். பெங்களூரில் அது சரியாக இருக்கலாம். அங்கே யாருக்கு எது எல்லை.

மகள் கல்லூரி முடிக்கிற சமயம் அனுமந்தன்பட்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல இடம். தோட்டம், வீடு, அடக்கமான பையன். வீரபாண்டியில் ஆத்தா சன்னதியில் தாலி கட்டி, அன்றைக்கே பெண்ணை அனுமந்தன்பட்டிக்கு அழைத்துப் போவது என்று பேசினோம். அவர் அன்று முதலே வண்டிக்குப் பாலிஷ் போட ஆரம்பித்துவிட்டார். கயிற்றையும் அவிழ்த்தார். இனி அது எதற்கு, நம்ம பிள்ளை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். மோர் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், திராட்சை விலையைப் பற்றிப் பேசினார். எழுந்து செருப்பைப் போட்டபிறகுதான் வாயைத் திறந்தார்.

“மாப்ள அழைப்புக்கும் பொண்ணு அழைப்புக்கும் வண்டி நாங்களே பாத்துக்கிட்டோம் சம்பந்தி. ஒங்களுக்கு எதுக்கு அந்தச் செரமம்.”

இவர் சொன்னார், “செரமம் என்ன. வாசல்ல நிக்குதே வண்டி.”

“நிக்குது, பாத்தேன்.” வண்டியைத் திரும்பிப் பார்த்தார். “ஒளிச்சு என்ன செய்ய. எங்க வீட்டுப் பொம்பளைக பிரியப்படல. மொத மொதல்ல வாசலுக்கு வர்ற பிள்ள. அது இப்பிடி வாயப் பொளந்துக்கிட்டு வந்து நின்னா, ஆரத்தித் தட்ட எடுக்கவே கை வராதுங்குறாக. தப்பா எடுத்துக்கிறாதீக.”

“நான் தப்பா எடுக்கல” என்றார் இவர்.

அவர் போனபிறகு நான் ஒரு தரம் பேசிப்பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பிள்ளை வாழப்போற வீடு என்றார். மகள் உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து, “அப்பா, நான் நம்ம வண்டியிலதான் வருவேன்னு சொல்லவாப்பா?” என்றாள். “நீ சும்மா இருத்தா” என்றார். அவ்வளவுதான். பாலிஷ் துணியை மடித்து எங்கோ வைத்தார். அதை நான் பிறகு பார்க்கவில்லை.

தாலி கட்டு முடிந்து கோவிலுக்கு வெளியே வந்தோம். பூச்சரம் தொங்கவிட்டு நின்றது எங்கள் வெள்ளைக் கார். சின்னமனூர்க்காரரிடம் வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். அது முன்னால் யாருடைய வண்டி என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று பிடித்திருக்கிறார்கள். நெற்றியில் பொட்டு வட்டமாக இருந்தது. மகள் அதைப் பார்த்தாள், அவள் அப்பாவைப் பார்த்தாள், குனிந்து ஏறிக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் அவள் தூங்கின சீட்டு அது.

இவர் எங்கள் வண்டியில் சீர்ச் சாமான்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். அண்டா, குத்துவிளக்கு, பாய், தலையணை. நான் பெண்ணோடு முன் வண்டியில் இருந்தேன். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அந்த முகம் வந்துகொண்டே இருந்தது. அனுமந்தன்பட்டி வந்ததும் யாரோ ஓடிப்போய் அங்கேயே நிறுத்தச் சொல்லி அவரிடம் கை காட்டினார்கள். அவர் தெருவுக்குள் வரவில்லை. சாமான்களை ஆட்கள் தலையில் தூக்கிவந்தார்கள்.

ஆரத்தி சுற்றி, வலது காலை வைத்து மகள் உள்ளே போனாள். பால் பழம் கொடுத்தார்கள். அப்பாவை எங்கே என்று மாப்பிள்ளை கேட்டார், நல்ல பிள்ளை. நான் தேடிக்கொண்டு போனேன். ஊர் எல்லையில் கருப்பு கோவில் பக்கத்துப் புளியமரத்து நிழலில் வண்டியை விட்டிருந்தார். கருப்பும் வண்டியும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

வாங்க, மாப்பிள்ளை கேட்கிறார் என்றேன். வாறேன் என்றார், எழவில்லை. ஸ்டியரிங்கை விடாமலே கேட்டார்:

“பிள்ளைக்கு யாரு கதவு தொறந்துவிட்டது?”

“அந்த டிரைவருதான்.”

“எறங்கி வந்தா?”

“இல்ல. உள்ள இருந்தபடியே கைய நீட்டித் தொறந்தாரு.”

“அது கொஞ்சம் தூக்கித் தள்ளணும். இல்லாட்டி இடிக்கும்.”

“இடிக்கல” என்றேன். இடித்தது. மகளின் முழங்கையில் இடித்தது. அதை அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டவில்லை. கேட்க ஆள் இருந்தாலும் போயிருக்கமாட்டார். மூன்றாவது வருசம், ஸ்டாண்டிலிருந்து ஒருவர் பேப்பர் கொண்டுவந்து காட்டினார். கம்பெனிக்காரன் அடுத்த வண்டிக்கு முகத்தை மாற்றிவிட்டான். விளக்கு நேராகப் பார்த்தது. வாய் சுருங்கியிருந்தது. நெற்றிகூட வந்திருந்தது. எங்கள் வண்டியின் முகத்தால் கம்பெனிக்கு நஷ்டமா லாபமா என்று பேப்பரில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார்களாம். கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேர் அப்படியே இருக்கிறது. அந்தப் பேரை நம்பி அந்த முகத்தை வாங்கினவர்கள்தான், மாற்றிக்கொள்ள முடியாமல் அதோடு நிற்கிறோம். வந்தவரிடம் இவர், நல்லாருக்கு, சாந்தமா இருக்கு என்றார்.

வண்டி தகரக் கொட்டகையில் நிற்கிறது. விற்பதற்கு ஆள் கூட்டிவந்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் தூசி துடைத்து, முன்கண்ணாடியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். ஆத்தாளிடம் எவ்வளவோ கேட்டுவிட்டேன். தீச்சட்டி எடுத்தேன். அவளுக்கும் ஏதோ கணக்கு இருக்கும். எனக்கு அது தெரியவில்லை, கேட்பதையும் நிறுத்திக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை தட்டோடு கொட்டகைக்குள் போனபோது அவர் வண்டிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

“அதுக்கு இனிமே வைக்காத” என்றார். “பாவம். வச்சு வச்சுப் பாத்தாச்சுல்ல.”

குங்குமத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.