தள்ளினால் மட்டும் கிளம்பும் வண்டி

மடவார் வளாகத்தில் எங்கள் தெரு கொஞ்சம் இறக்கமாக இருந்ததால்தான் அண்ணனின் அம்பாசிடர் பிழைப்பு நடத்தியது. விடிவதற்கு முன் அண்ணன் சாவியைத் திருகுவான். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குமேல் ஒன்றும் இராது. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நிற்பேன். இறக்கம் முடிவதற்குள் கிளம்பினால் தப்பித்தேன். இல்லையென்றால் அதே வண்டியை மேட்டுக்குத் தள்ள வேண்டும்.

அண்ணன் முன்பு லாரி ஓட்டினான். வடக்கே போனால் திரும்பி வர நாளாகும். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மதினி உண்டானதும் லாரியை விட்டுவிட்டு இந்தப் பழைய வண்டியை வாங்கினான். ஆரம்பத்தில் திருச்செந்தூர், மதுரை என்று தூரத்துச் சவாரிகள். பிறகு எங்கள் ஊரில் குடியிருந்த ஒரு மில் இன்ஜினீயரைப் பக்கத்து ராஜபாளையத்துக்குத் தினமும் காலையில் கொண்டுபோய் விட்டு, இருட்டியபின் கூட்டிவரும் வேலை கிடைத்தது. அண்ணன் ராத்திரி வீட்டில் இருப்பான் என்று மதினிக்கு முகமெல்லாம் பூரிப்பு. பேட்டரி படுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே இஸ்திரிப் பெட்டி முதல் தெருவிளக்கு வரை கெட்டுப்போன எல்லாவற்றுக்கும் நான்தான் ஜவாப்தாரி.

“என்னலே எலெக்ட்ரிக்கல் படிச்ச? ஒரு பேட்டரிய நிமுத்த முடியல,” என்பான் அண்ணன்.

பேட்டரியைப் புதிதாக மாற்றியாகிவிட்டது. டைனமோவைக் கழற்றிக் கார்பன் மாற்றியாகிவிட்டது. தெருவில் ஒருவர் திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழமும் கட்டியாகிவிட்டது. வண்டி மட்டும் மாறவில்லை. ஒருநாள் நேரமாகிவிட்டதென்று இன்ஜினீயரே எங்கள் தெருவுக்கு வந்து ஏறிக்கொண்டார். நான் மூச்சு வாங்கத் தள்ளும்போது அவர் கண்ணாடியை இறக்கி, “திங்கட்கிழமையும் தள்ளணும்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுதேன்,” என்றார். அன்று ராத்திரி அண்ணன் சாப்பிட்டபடியே, பழைய லாரி முதலாளியைப் போய்ப் பார்க்கவா என்று கேட்டான். மதினி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரவல் மீட்டர் ஒன்றை வாங்கிவந்தேன். இன்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட் காட்டியது. சார்ஜ் ஏறத்தான் செய்கிறது. அப்படியென்றால் வண்டி நிற்கும்போது எதுவோ உறிஞ்சுகிறது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பானட்டைத் தூக்கி, பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றித் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். பொட்டென்று ஒரு பொறி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹாரன் ஒயரைக் கழற்றினேன். என்ன செய்தாலும் ஒயரைத் தொட்டதும் அதே பொறி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பேட்டரிக்கு மூக்குச் சொறியுதியோ?” என்றான் அண்ணன், நிழலில் உட்கார்ந்துகொண்டு.

அப்போது வண்டிக்குள்ளிருந்து மதினியின் சத்தம். சாமி படத்துக்குப் பூப் போட ஏறியிருந்தாள். பானட் மறைத்ததால் எனக்கு அவள் தெரியவில்லை.

“ஏன்யா, சாமி வெளக்க எதுக்கு அணைச்சு அணைச்சுப் போடுதீய? நேந்த வெளக்குய்யா அது!”

நான் ஒயரைக் கழற்றினேன். “அணைச்சிட்டீயளே!” தொட்டேன். “ம், வந்திட்டு.”

டேஷ்போர்டில் வைத்தியநாத சுவாமி படத்துக்கு முன்னால் ஒரு சிவப்புப் பல்பு இருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை அணையக்கூடாது என்று மதினி நேர்ந்துகொண்டது. அதற்காகவே அண்ணன் சாவியையும் ஃபியூஸையும் தொடாமல் நேரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருந்தான். இத்தனை நாளும் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தானே நானும் பானட்டைத் திறந்தேன்! அதை ஒரு பல்பு என்று எவன் நினைத்தான்?

“தூரம் ஓடுனப்ப டைனமோ ஈடு கட்டிருச்சு,” என்றேன். “இப்ப ராஜபாளையம் போக வர இம்புட்டுத்தான் ஓட்டம். அதுலயும் ஹெட்லைட்டு எரியுது. ஏறுதத ராப்பகலா இந்தப் பல்பு குடிச்சிருது. சாவி போட்டா மட்டும் எரியுத மாதிரி மாத்திருவோம்.”

“சாமிக்குச் சாவி போட்டாத்தான் வெளிச்சமா?” என்றாள் மதினி. உத்தரவு கேட்க வேண்டும் என்று சிவப்பும் வெள்ளையுமாகத் தனித்தனிப் பொட்டலத்தில் பூக்கட்டிப் படத்துக்கு முன்னால் போட்டு, பக்கத்து வீட்டம்மாளை ஒன்றை எடுக்கச் சொன்னாள். வெள்ளை என்றால் மாற்றலாம், சிவப்பு என்றால் கூடாது. பொட்டலத்தைப் பிரித்தபோது சிவப்பு அரளி சிரித்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குப் பூக்கட்டிப் பார்த்த ஊர் வேறெங்காவது உண்டா? மீட்டரை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

மதினி என்னை விடவில்லை. அவள் குரல் தணிந்திருந்தது.

“வண்டி நின்னா அவிய லாரிக்குப் போயிருவாக. பேறுகாலத்துல எந்த ஊர்ல கெடப்பாகளோ. வெளக்கும் அணையக்கூடாது. ரெண்டும் வேணும்யா எனக்கு.”

இதற்குப் பாலிடெக்னிக்கில் பாடம் கிடையாது. “வண்டி நிக்கயில எண்ணெய் விளக்கு எரிஞ்சா சாமி கோவிச்சுக்கிடுமா?” என்றேன்.

“எண்ணெய் விளக்குன்னா இன்னும் விசேசம்லா! வெளக்கு அணையாம இருந்தா உத்தரவும் கெடாது.”

மதினி எண்ணெய் விளக்கை ஏற்றிய பிறகு நேர் ஒயரை வெட்டிச் சாவிப் பக்கம் இணைத்தேன். பேட்டரியை சார்ஜ் கடையில் போட்டு எடுத்தோம். திங்கட்கிழமை வண்டி ஒரே திருகில் கிளம்பியது. அதற்கடுத்த நாட்களிலும் கிளம்பியது. இன்ஜினீயர் வேறு வண்டி பார்க்கவில்லை, அண்ணனும் லாரிப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் வண்டி வீடு திரும்பும்போதெல்லாம், பல்பு அணையுமுன் மதினி எண்ணெய் விளக்கு ஏற்றி வாசலுக்கு வர வேண்டும். அதுவரை அண்ணன் சாவியை எடுக்கக்கூடாது. தெரு முழுக்கக் கேட்க ஹாரன் அடிப்பான்.

“ஏட்டி, வெளக்கு எங்க? பெட்ரோல் போவுது!”

“வாரேன், திரி நனையட்டும்!”

நிறைமாதத்தில் அவளால் படி இறங்க முடியவில்லை. பாதி எழுதிய விண்ணப்பத்தைக் கீழே வைத்துவிட்டு விளக்கை நான் வாங்கிக்கொள்வேன்.

“பையப் போய்யா, காத்தடிக்கு,” என்பாள் மதினி பின்னாலிருந்து. “தள்ளுததுக்கு இது லேசுதான?”

ஒரு கையில் விளக்கைப் பிடித்துப் படி இறங்குவேன். சுடரை மறைக்க மற்றக் கை போதாது.